ஒப்பந்தம் இருந்தும் லாபத்தைவிட வரி அதிகம்: எங்கே இடிக்கிறது?

எச்எஸ்ஆர் லேஅவுட் · 8 செப்டம்பர் 2025

நைரோபியில் ஒரு வாடிக்கையாளர். மென்பொருளை நிறுவித் தருவது, வருடம் முழுக்கப் பராமரிப்பது, அவ்வளவும் பெங்களூரிலிருந்தே நடக்கிறது. ஒரு கோடி ரூபாய் மதிப்புக்கு இன்வாய்ஸ் போட்டால் 20% பிடித்துக்கொண்டு 80 லட்சம் அனுப்புகிறார்கள். இந்தியாவுக்கும் கென்யாவுக்கும் டிடிஏஏ (இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம்) இருக்கிறது. அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளலாம், அதனால் கைநஷ்டம் இல்லை என்பது என் கணக்கு. சரிதானே? லாபம் 15%, கம்பெனி 115பிஏஏ என்ற குறைந்த வரி விகிதப் பிரிவில் இருக்கிறது.

ஹலசூர் சிஏ · 8 செப்டம்பர் 2025

சரியில்லை சார். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கோடியில் லாபம் 15 லட்சம். 115பிஏஏ-வில் 22%, அதன் மேல் 10% சர்சார்ஜ், 4% செஸ், ஆகமொத்தம் 25.168%. இந்திய வரி 3,77,520 ரூபாய். நீங்கள் கழித்துக்கொள்ளக்கூடிய உச்சவரம்பும் இதுதான். வெளிநாட்டில் எவ்வளவு பிடித்தாலும், அதே வருமானத்தின் மேல் இங்கே எவ்வளவு வரி வருகிறதோ அதுவரைதான் கிரெடிட்.

அதற்கும் முன்னால் இன்னொரு வெட்டு விழுகிறது. புதிய கென்ய ஒப்பந்தத்தில் ராயல்டிக்கும் தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கும் உச்ச விகிதம் 10%. அவர்கள் பிடித்த 20% அவர்களுடைய உள்நாட்டு விகிதம். ஒப்பந்த விகிதத்துக்கு மேல் கட்டியதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று இந்திய வருமான வரி விதி 128 தெளிவாகவே சொல்கிறது. அப்படியானால் 20 லட்சத்தில் 10 லட்சம் முதலிலேயே வெளியே போகிறது. மீதி 10 லட்சத்தில் 3,77,520 மட்டும் கிடைக்கும். 16,22,480 ரூபாய் போனது போனதுதான். 15 லட்சம் லாபத்துக்கு 20 லட்சம் வரி கட்டியிருக்கிறீர்கள்.

அவர்கள் பிடிப்பது இன்வாய்ஸ் தொகையின் மேல், இந்தியா வரி போடுவது லாபத்தின் மேல். லாப விகிதம் குறையக் குறைய இந்த இடைவெளி உங்கள் தலையில்தான் விழும். ஒழுங்காக 10% பிடித்திருந்தாலும் 6,22,480 ரூபாய் கரைந்திருக்கும்.

மல்லேஸ்வரம் · 9 செப்டம்பர் 2025

மேலே சொன்னதோடு ஒன்று. கம்பெனி அந்த வருடம் நஷ்டத்தில் இருந்தால் இந்திய வரி பூஜ்யம், கிரெடிட்டும் பூஜ்யம். பயன்படாத கிரெடிட்டை அடுத்த வருடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் நம் சட்டத்தில் வழியில்லை. முதல் மூன்று நான்கு வருடம் நஷ்டத்தில் ஓடும் ஸ்டார்ட்அப்புகள் வெளிநாட்டு டிடிஎஸ்ஸை 'வரவேண்டிய வரி' என்று பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டிக்கொண்டே வருவார்கள். முதலீட்டாளர் ஆய்வுக்கு வரும்போது ஒரே நாளில் அது அடிபடும்.

எச்எஸ்ஆர் லேஅவுட் · 9 செப்டம்பர் 2025

பிடித்தத்தை 10 ஆக்க என்ன செய்யவேண்டும்? அவர்களுடைய கணக்குப் பிரிவு 'எங்கள் சட்டம் 20' என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

ஹலசூர் சிஏ · 9 செப்டம்பர் 2025

அவர்கள் சொல்வதில் தப்பில்லை. ஒப்பந்த விகிதம் தானாக வராது, கேட்டு வாங்கவேண்டும். இன்வாய்ஸ் போவதற்கு முன்பே காகிதம் அவர்கள் கையில் இருக்கவேண்டும்.

முதல் காகிதம் இந்திய வரி வதிவுச் சான்று, டிஆர்சி. படிவம் 10எஃப்ஏ-வில் உங்கள் மதிப்பீட்டு அதிகாரியிடம் விண்ணப்பித்தால் 10எஃப்பி-யில் சான்று வரும். பான், கம்பெனி பதிவான இடம், எந்தக் காலத்துக்கு வேண்டும், எந்த நாட்டு ஒப்பந்தத்துக்கு வேண்டும் என்பதெல்லாம் எழுதவேண்டும். ஏப்ரல் பிறந்தவுடன் போட்டுவிடுங்கள். அதிகாரி மாறினார், கோப்பு நகரவில்லை என்று இரண்டு மாதம் இழுத்தால் அதற்குள் போன இன்வாய்ஸ்கள் எல்லாம் 20%-ல் பிடிபட்டிருக்கும்.

அதோடு ஒரு கடிதம்: ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, என்ன விகிதம், கென்யாவில் எங்களுக்கு நிலையான அமைவிடம் (தொழில் நடத்தும் அலுவலகம் மாதிரித் தளம்) கிடையாது, இந்தக் கட்டணத்தின் உண்மையான உரிமையாளர் நாங்களே. நீளமாக எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள், ஒரு பக்கம் போதும். பிடித்த பிறகு அவர்களுடைய ஐடாக்ஸ் தளத்திலிருந்து பிடித்தச் சான்றிதழை மாதாமாதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாகக் கேட்டால் பாதிதான் வரும்.

ஏற்கெனவே கூடுதலாகப் பிடித்த 10 லட்சத்தை கென்ய வரித்துறையிடம்தான் கேட்கவேண்டும். இந்தியத் துறையிடம் அதற்காக மனு எழுதுவது வீண் வேலை.

சயான் கணக்கு · 10 செப்டம்பர் 2025

மும்பையிலிருந்து. டிஆர்சிக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: உங்கள் கம்பெனியின் பங்குகள் யார் கையில்?

கென்ய வருமான வரிச் சட்டம் பிரிவு 41-ல் ஒரு தடை இருக்கிறது. கம்பெனியின் உரிமையில் 50% அல்லது அதற்கு மேல் இந்தியாவில் வதியாதவர்களிடம் இருந்தால் அவர்கள் ஒப்பந்தச் சலுகையைத் தரமாட்டார்கள். பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிக்கு விலக்கு உண்டு. பெங்களூரில் எத்தனை கம்பெனிகள் முதலீட்டாளர் சொன்னார் என்று அமெரிக்காவின் டெலவேரில் தாய்க் கம்பெனி வைத்திருக்கின்றன! அவர்கள் எவ்வளவு ஒழுங்காக டிஆர்சி கொடுத்தாலும் நைரோபியில் 20%தான். டெலவேருக்கு மாறுவது பற்றி யோசிக்கும்போது நிதி திரட்டல், எசாப் (ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கும் திட்டம்) எல்லாம் பேசுவார்கள். ஆப்பிரிக்க வாடிக்கையாளர்களின் பிடித்தம் என்ன ஆகும் என்று அந்த மேஜையில் ஒருவர்கூடக் கேட்பதில்லை.

எச்எஸ்ஆர் லேஅவுட் · 10 செப்டம்பர் 2025

முழுப் பங்கும் இங்கேயே வதியும் மூன்று பேரிடம். அந்தத் தடை இல்லை. இன்னொரு கேள்வி. வேலை முழுக்க பெங்களூரில் நடக்கிறது, யாரும் நைரோபிக்குப் போகவே இல்லை. பிறகு எந்த உரிமையில் அவர்கள் வரி பிடிக்கிறார்கள்?

ஹலசூர் சிஏ · 11 செப்டம்பர் 2025

இந்தியா போட்ட ஒப்பந்தங்கள் பலவற்றில் தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பணம் கொடுப்பவர் எந்த நாட்டில் வதிகிறாரோ அங்கேதான் அந்தக் கட்டணம் எழுகிறது என்று அது கொள்ளும். வேலை எங்கே நடந்தது என்று பார்க்காது. இறக்குமதி செய்யும் நாடாக இருந்த காலத்தில் நாம் கேட்டு வாங்கிய பிரிவு. இன்று சேவையை ஏற்றுமதி செய்யும்போது நம்மையே பிடிக்கிறது.

இதனால் ஒப்பந்தத்தின் பெரிய நன்மை எந்த நாட்டோடு, எந்தப் பிரிவில் என்பதைப் பொறுத்தது. விகிதம் 20-லிருந்து 10 ஆவது சின்ன நன்மை. வருமானம் 'தொழில் லாபம்' என்ற பிரிவுக்குள் விழுந்து, அங்கே நிலையான அமைவிடமும் இல்லை என்றால் அந்த நாட்டு வரி பூஜ்யம். உங்கள் உதாரணத்தில் 20 லட்சத்துக்கும் 3,77,520-க்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தத்தில் தொழில்நுட்பச் சேவைப் பிரிவே கிடையாது. அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர் ஒப்பந்தங்களில் பிரிவு உண்டு, ஆனால் 'மேக் அவெய்லபிள்' நிபந்தனையோடு. வேலையைச் செய்து கொடுத்தால் மட்டும் போதாது, வாங்கியவர் அடுத்த முறை உங்கள் உதவியில்லாமல் தானே செய்துகொள்ளும் அளவுக்கு அந்தத் தொழில்நுட்பம் அவரிடம் போய்ச் சேரவேண்டும். கர்நாடக உயர் நீதிமன்றம் 2012-ல் டி பீர்ஸ் வழக்கில் இதை நன்றாக விளக்கியிருக்கிறது. வருடாந்திரப் பராமரிப்பு, ஹெல்ப்டெஸ்க், சோதனை எல்லாம் சாதாரணமாக இதற்குள் வராது. மூலக்குறியீட்டைக் கொடுத்து, அவர்கள் ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்தால் வரக்கூடும். ஜெர்மனி, ஜப்பான் ஒப்பந்தங்களில் இந்த நிபந்தனை இல்லை, அங்கே 10% நேராக விழும்.

மல்லேஸ்வரம் · 11 செப்டம்பர் 2025

அமெரிக்கா பற்றிச் சேர்க்கிறேன், இங்கே பாதிப் பேருக்கு வாடிக்கையாளர் அங்கேதான்.

அமெரிக்க உள்நாட்டுச் சட்டமே சேவை வருமானத்தை வேலை நடந்த இடத்தை வைத்துத்தான் பார்க்கிறது. பெங்களூரில் உட்கார்ந்து செய்த வேலைக்கு வரும் பணம் அமெரிக்க மூல வருமானம் ஆகாது. ஆனால் நாம் வெளிநாட்டுக் கம்பெனி என்று அறிவிக்கும் படிவம் டபிள்யூ-8பென்-இ கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் பயந்துபோய் 30% பிடித்து வைப்பார். படிவத்தில் பலர் சறுக்கும் இடங்கள்: சாப்டர் 4 நிலையை நிரப்பாமல் விடுவது (சாதாரண சேவைக் கம்பெனிக்கு 'ஆக்டிவ் என்எஃப்எஃப்இ', அதாவது நிதி நிறுவனம் அல்லாத, தொழில் நடத்தும் வெளிநாட்டுக் கம்பெனி), அதற்குரிய பகுதி 25-ல் டிக் போட மறப்பது, வெளிநாட்டு வரி எண் என்ற இடத்தில் பான் எழுதாமல் விடுவது. கையெழுத்திட்ட வருடத்துக்குப் பிறகு மூன்றாவது காலண்டர் வருடக் கடைசி வரை செல்லும். அதை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். காலாவதி ஆனது தெரியாமல் ஜனவரி இன்வாய்ஸில் 30% போவது வழக்கமாக நடக்கிறது.

உரிமக் கட்டணம் வேறு கதை. மென்பொருளை அமெரிக்காவில் பயன்படுத்த உரிமை கொடுத்து, அது ராயல்டி ஆனால் ஒப்பந்த விகிதம் 15%. அதனால் ஒரே வரியில் 'உரிமம், நிறுவல், பராமரிப்பு' என்று ஒட்டுமொத்தத் தொகை எழுதாதீர்கள். மூன்றையும் தனித்தனி வரியாக, தனித்தனி விலையோடு, ஒப்பந்தப் பத்திரத்திலும் அப்படியே வரும்படி போடுங்கள். இன்வாய்ஸில் மட்டும் பிரித்துப் பத்திரத்தில் பிரிக்காமல் விட்டால் எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார்.

படிவம் கொடுத்துவிட்டால் அமெரிக்காவில் வரித் தொல்லை அத்தோடு முடிந்தது.

சயான் கணக்கு · 12 செப்டம்பர் 2025

கடைசி வரியைத் திருத்தவேண்டும். ஒப்பந்தம் கட்டுப்படுத்துவது அமெரிக்க மத்திய அரசின் வருமான வரியைத்தான், மாநில வரிகளை அல்ல. கலிபோர்னியா இந்த ஒப்பந்தங்களைப் பின்பற்றுவதில்லை. மத்திய அளவில் நிலையான அமைவிடம் இல்லை என்று பூஜ்யம் காட்டும் கம்பெனிக்கும் மாநில வரி வரலாம், அந்தந்த மாநில விதியைத் தனியாகப் பார்க்கவேண்டும்.

அப்படிக் கட்டிய மாநில வரிக்கு இங்கே நிவாரணம் உண்டா? கர்நாடக உயர் நீதிமன்றம் 2015-ல் விப்ரோ வழக்கில் உண்டு என்றது. ஒப்பந்தத்துக்குள் வராத மாநில வரிக்கு நம் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 91 வழி. பெங்களூர்க் கம்பெனிகளுக்கு இது சொந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு, தைரியமாகக் கேட்கலாம்.

ஹலசூர் சிஏ · 15 செப்டம்பர் 2025

இதுவரை பணம் வருகிற பக்கமே பேசினோம். பணம் போகிற பக்கத்திலும் ஒப்பந்தம் நேராகச் செலவைக் குறைக்கிறது.

2023 மார்ச் வரை வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகும் ராயல்டி, தொழில்நுட்பக் கட்டணத்துக்கு உள்நாட்டு விகிதமே 10%. ஒப்பந்தமும் 10 என்றால் எதற்கு டிஆர்சி கேட்டு அலையவேண்டும் என்று விட்டுவிட்டார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது 20%. சர்சார்ஜ், செஸ் தனி. ஒப்பந்த விகிதத்தின் மேல் சர்சார்ஜும் இல்லை, செஸ்ஸும் இல்லை. பழைய பழக்கத்தில் காகிதம் வாங்காமல் விடுபவர்கள் இன்று நிஜப் பணத்தை இழக்கிறார்கள்.

ஜெர்மன் விற்பனையாளர் 'எனக்கு 50 லட்சம் முழுதாக வரவேண்டும், வரி உன் பாடு' என்கிறார் என்று வையுங்கள். பிரிவு 195ஏ-படி தொகையை ஏற்றிக் கணக்கிடவேண்டும். டிஆர்சி இல்லை என்றால் 20.8%: 50 லட்சத்தை 0.792-ஆல் வகுத்தால் உங்கள் மொத்தச் செலவு சுமார் 63.13 லட்சம். ஒப்பந்தம் பொருந்தினால் 0.9-ஆல் வகுக்கவேண்டும், 55.56 லட்சம். ஒரே ஒரு காகிதத்தின் விலை ஏழரை லட்சத்துக்கு மேல்.

வாங்கவேண்டியவை மூன்று: அவர் நாட்டு டிஆர்சி, வருமான வரித் தளத்தில் மின்னணு முறையில் போட்ட படிவம் 10எஃப் (ஒப்பந்தச் சலுகைக்காக அவர் தரும் விவரம்), இந்தியாவில் நிலையான அமைவிடம் இல்லை என்ற அறிவிப்பு. பான் இல்லாதவரும் இப்போது தளத்தில் பதிவு செய்து 10எஃப் போடலாம். கையால் எழுதி ஸ்கேன் செய்த 10எஃப்-ஐ வாங்கிவைத்து ஏமாறவேண்டாம். அமெரிக்க டிஆர்சி படிவம் 6166, காலண்டர் வருடத்துக்கு வரும். நம் நிதியாண்டு இரண்டு காலண்டர் வருடங்களில் விழுவதால் இரண்டு சான்று வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான பணத்துக்குப் பழைய சான்றையே வைத்திருப்பது தணிக்கையில் முதலில் பிடிபடும் ஓட்டை.

மல்லேஸ்வரம் · 15 செப்டம்பர் 2025

பிடிக்காமல் விட்டால் வரும் அடியையும் எழுதிவிடுங்கள். பிரிவு 40(ஏ)(ஐ)-ல் மொத்தச் செலவும் மறுக்கப்படும். உள்நாட்டுப் பணம் என்றால் 30%தான், வெளிநாட்டுப் பணம் என்றால் நூறு சதவீதம். வரியும் மாதம் 1% வட்டியும் தனி.

ஒப்பந்தப்படி பூஜ்யம் என்று முடிவெடுத்தாலும் (பிரிட்டன் ஆலோசகர், 'மேக் அவெய்லபிள்' இல்லை என்பது மாதிரி) வருடத்தில் 5 லட்சம் தாண்டினால் 15சிபி (சிஏ தரும் சான்று) வாங்கி 15சிஏ (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் அறிவிப்பு) பகுதி சி போடுவதே பாதுகாப்பு. பகுதி டி சட்டப்படியே வரிக்கு உட்படாத பணத்துக்கு. சந்தேகம் பெரிதாக இருந்தால் பிரிவு 195 அல்லது 197-ல் அதிகாரியின் உத்தரவை வாங்கிவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

எச்எஸ்ஆர் லேஅவுட் · 16 செப்டம்பர் 2025

வெளிநாட்டு மென்பொருள் சந்தாவுக்குக்கூட இந்த அலைச்சல் வேண்டுமா?

ஹலசூர் சிஏ · 16 செப்டம்பர் 2025

அப்படியே பயன்படுத்தும் மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் ராயல்டி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 2-ல் இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அதுவும் பெங்களூர்க் கம்பெனிதான். பல ஆண்டுகள் இங்கே வேறு மாதிரி தீர்ப்பு நிலவியது. ஆனால் அந்தத் தீர்ப்பு நிற்பதே ஒப்பந்தத்தில் உள்ள ராயல்டி விளக்கத்தின் மேல். உள்நாட்டுச் சட்டத்தின் விளக்கம் அகலமானது. எனவே டிஆர்சி, 10எஃப் இல்லாமல் அந்தத் தீர்ப்பை மட்டும் காட்டினால் பிடி நழுவும்.

சயான் கணக்கு · 22 செப்டம்பர் 2025

நிலையான அமைவிடம் பற்றி யாரும் விரிவாகத் தொடவில்லை. தொழில் லாபம் பூஜ்ய வரி என்ற கட்டடம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

ஆட்களை அனுப்பும்போது நாள் எண்ணுங்கள். அமெரிக்க ஒப்பந்தத்தில் 12 மாதத்தில் 90 நாள் தாண்டினால் சேவை வழி அமைவிடம். சொந்தக் குழுமக் கம்பெனிக்கு வேலை செய்தால் நாள் வரம்பே இல்லை. பிரிட்டனில் 90, குழுமத்துக்கு 30. அமீரகத்தில் 9 மாதம். ஒரு ஆள் 90 நாள் என்று நினைக்கிறார்கள். அப்படி நினைப்பது ஆபத்து, மூன்று பேர் மாறி மாறிப் போனாலும் சேவை தொடர்ந்தால் சேர்த்துப் பார்க்க இடமுண்டு. பயணப் பட்டியலை மனிதவளப் பிரிவு வைத்திருக்கும், வரி பார்ப்பவருக்கு அது வருவதே இல்லை. மாதம் ஒருமுறை வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து இங்கே மேலாளர்கள் வரும் ஜிசிசி (வெளிநாட்டுக் குழுமங்களின் இந்தியச் சேவை மையம்) நடத்துபவர்கள் 2025 ஜூலை 24 ஹயாத் தீர்ப்பைப் படிக்கவேண்டும். அமீரகக் கம்பெனிக்கு டெல்லி ஹோட்டலில் தனி அறை இல்லை, யாரும் 9 மாதம் தங்கவில்லை. ஆனாலும் ஹோட்டலின் அன்றாட நடத்தையில் ஆழமான கட்டுப்பாடு இருந்ததால் நிலையான அமைவிடம் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். நாள் எண்ணிக்கை கீழே இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கமுடியாது. யார் யாருக்கு உத்தரவு போடுகிறார்கள் என்று பத்திரத்திலும் மின்னஞ்சலிலும் என்ன இருக்கிறது என்பதும் பார்க்கப்படும்.

மல்லேஸ்வரம் · 23 செப்டம்பர் 2025

சுவிட்சர்லாந்தில் துணைக் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு: நம் உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் நெஸ்லே தீர்ப்புக்குப் பிறகு அந்நாடு 'மிகவும் விரும்பப்படும் நாடு' ஏற்பாட்டை (வேறு நாட்டுக்குக் கொடுத்த குறைந்த விகிதத்தை இங்கும் தருவது) நிறுத்தியது. 2025 ஜனவரி 1 முதல் அங்கிருந்து இந்தியாவுக்கு வரும் டிவிடெண்டுக்கு 5 அல்ல, 10%.

சயான் கணக்கு · 6 அக்டோபர் 2025

முதல் கணக்குக்குத் திரும்புகிறேன். கரைந்துபோன 6,22,480-ஐச் செலவாகக் கழிக்க முடியாதா? பம்பாய் உயர் நீதிமன்றம் 2016-ல் ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில், நிவாரணம் கிடைக்காத வெளிநாட்டு வரியைக் கழிக்க அனுமதித்தது.

ஹலசூர் சிஏ · 7 அக்டோபர் 2025

அந்தத் தீர்ப்பு நிவாரணமே கிடைக்காத வரியைப் பற்றியது, கிரெடிட் எடுத்தது போக மீந்ததற்கு அதை நீட்டுவதைத் துறை எதிர்க்கும். வாதத்துக்கு ஏற்றுக்கொண்டாலும் எண்ணைப் பாருங்கள். அந்தச் செலவை கென்ய வருமானத்தின் மேல்தானே வைக்கவேண்டும்? லாபம் 15 லட்சத்திலிருந்து 8,77,520 ஆகும், அதன் இந்திய வரி 2,20,854. கிரெடிட்டின் உச்சவரம்பும் அதே 2,20,854-க்கு இறங்கிவிடும். வரி குறைந்த அளவுக்கே கிரெடிட்டும் குறைகிறது, கையில் ஒரு ரூபாய்கூடக் கூடாது. நாள் செலவழிக்கவேண்டிய இடம் விலை பேசும் மேஜை. 'பிடித்தம் வாங்குபவர் பொறுப்பு' என்று எழுதவைத்தால் ஒரு கோடி இன்வாய்ஸ் 1.11 கோடி ஆகும். முழுதும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பாதியாவது கேளுங்கள்.

எச்எஸ்ஆர் லேஅவுட் · 4 நவம்பர் 2025

டிஆர்சி அனுப்பினோம். அக்டோபர் இன்வாய்ஸில் 10%தான் பிடித்திருக்கிறார்கள். நன்றி சார். போன நிதியாண்டின் கிரெடிட்டுக்குப் படிவம் 67 இன்னும் போடவில்லை. ரிட்டர்னோடு சேர்த்துத்தான் போடவேண்டுமா?

ஹலசூர் சிஏ · 4 நவம்பர் 2025

ரிட்டர்ன் கெடுவுக்குள் போய்விட்டால் படிவம் 67-ஐ மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள் போடலாம், உங்களுக்கு 2026 மார்ச் 31. 2022-ல் வந்த தளர்வு. தாமதமாகப் போட்டாலும் கிரெடிட்டை மறுக்கக்கூடாது என்று பெங்களூர்த் தீர்ப்பாயமும், 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. ஆனால் மென்பொருளில் கிரெடிட் தானாக மறுக்கப்பட்டு, மேல்முறையீடு போய், இரண்டு மூன்று வருடம் பணம் முடங்கும். ரிட்டர்னுக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

மாற்று விகிதம்: வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் ஸ்டேட் பாங்க் டெலிகிராபிக் டிரான்ஸ்பர் வாங்கும் விலை. இன்வாய்ஸ் தேதி விலையைப் போடாதீர்கள். கென்யாவை ஒரே வரியாக எழுதாமல் பராமரிப்பு, உரிமம் என்று மூலத்துக்கு ஒரு வரி. ஐடாக்ஸ் சான்றிதழ்கள் அத்தனையும் இணைப்பில். வரி விகிதம் என்ற கட்டத்தில் அவர்கள் பிடித்த 20-ஐ எழுதி, பக்கத்தில் ஒப்பந்த விகிதம் 10, பிரிவு எண் இன்னது என்று நிரப்புங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது, பிரிவு எண்கள் எல்லாம் மாறும். பழைய ஆண்டுக் கோப்புகளை அதற்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது.